சந்தனமா, சாம்பல் பச்சையா? அறைச் சுவருக்கு இரண்டு நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

சேலைக் கடையில் எங்கள் அத்தை செய்யும் காரியம் ஒன்று உண்டு. பிடித்த இரண்டு சேலைகளையும் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கடை வாசலுக்கு வந்துவிடுவார். வெயிலில் ஒரு மடிப்பை விரித்து, கரையையும் உடலையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அப்புறம்தான் பில் போடச் சொல்வார். தென்காசியிலும் சரி, கணவாய் தாண்டிப் புனலூரிலும் சரி, எந்தக் கடைக்காரரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு நாலு தடவை கட்டும் சேலைக்கே இத்தனை கவனம். ஆறேழு வருஷம் தினமும் கண்விழித்துப் பார்க்கப் போகும் சுவருக்கோ, கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில், தீப்பெட்டி அளவு அட்டையைப் பார்த்து, ஐந்து நிமிஷத்தில் நிறம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

அப்படிச் சொல்லிவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். செங்கோட்டையில் எங்கள் வீட்டின் மேற்கு அறைக்கு முதல் தடவை வெளிர் பச்சை அடித்தோம். பங்குனி வெயிலில் வேலை முடிந்தபோது அறை குளுகுளுவென்று இருந்தது. ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும், வானம் மூடிக்கிடந்த பகல் முழுக்க, அதே சுவர் நீலம் பாய்ந்து வெளிறிப்போய் நின்றது. அந்த அறையில் படுக்கும் அத்தை, "ஏய்யா, உள்ள வந்தாலே குளுருதுய்யா" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு பட்டாசாலைக்கு, அதாவது நடுக்கூடத்துக்கு, வந்துவிட்டார். இரண்டாம் வருஷமே மறுபடியும் அடிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் தடவை போட்டியில் இருந்தவை இரண்டே நிறங்கள். அத்தை கேட்டது சந்தனம். என் மகள் கேட்டது சாம்பல் பச்சை. இந்த முறை ஒரு வாரம் ஒதுக்கி, இரண்டையும் அறைக்குள் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். அந்த வாரம் என்னென்ன செய்தோம் என்பதை, முதல் தடவை வீட்டுக்கு நிறம் தேர்ந்தெடுப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் காலம்

எங்கள் பக்கம் இரண்டு மழைகளும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இடைப்பட்ட நாட்களிலும், ஜனவரியிலிருந்து மே வரையிலும்தான் சுவர் காய்ந்திருக்கும். ஆகவே பெயிண்ட் வேலை பெரும்பாலும் கோடையில்தான் நடக்கும். நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும் அப்போதுதான். சிக்கலே இங்குதான் ஆரம்பிக்கிறது: பளீரென்ற கோடை வெயிலில் நிறத்தைப் பார்த்து முடிவு செய்கிறோம், வருஷத்தில் பாதி நாள் மூடிய வானத்தின் கீழ் அதோடு வாழ்கிறோம்.

வெயில் நேராக விழும் காலை, மாலை வெளிச்சத்தில் மஞ்சள் கூடுதல். மேகம் மூடிய பகல் வெளிச்சத்தில் நீலம் கூடுதல், அளவும் குறைவு. சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்ப முடியும். அதனால் கோடையில் இதமாக இருந்த பச்சை, சாரலில் குளிர்ந்துபோகிறது. சமவெளிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரியாது. கூடலூர், குமுளி, பொள்ளாச்சிக்கு மேற்கே என்று மலையை ஒட்டிய ஊர்க்காரர்கள் கட்டாயம் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

கோடையிலேயே சாரல் நாளின் வெளிச்சத்தைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எங்களுக்கு மேற்கே மலை. பொழுது அடைவதற்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அதிலிருந்து இருட்டும் வரை வானத்திலிருந்து மட்டும் வரும் அந்த நிழல் வெளிச்சம், சாரல் நாளின் வெளிச்சத்துக்கு மிகவும் நெருக்கமானது. விடிந்து வெயில் ஏறுவதற்கு முந்திய அரை மணி நேரமும் அப்படித்தான். இந்த இரண்டு வேளைகளையும் ஒப்பிடும் வேளைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை மலைக்கு அந்தப் பக்கத்து, அதாவது இன்றைய கேரளத்துப் பக்கத்து, ஆட்சி. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றிலும் தாழ்ந்த ஓட்டுக்கூரை, சின்ன ஜன்னல், காவிச் சிவப்புத் தரை, எண்ணெய் ஏறிக் கறுத்த மரக்கதவு. இவை எல்லாமே வெளிச்சத்தைக் குறைக்கும், நிறத்தையும் மாற்றும். நிறுவனங்களின் விளம்பரப் படத்தில் இருக்கும் வெள்ளைத் தரை, ஆளுயரக் கண்ணாடி ஜன்னல் வைத்த அறையில் அழகாகத் தெரிவது, இந்த அறையிலும் அப்படியே தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

சுவரைத் தொட்டுப் பாருங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையால் சுவரைத் தேயுங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு. சுரண்டாமல் மேலே எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) அடித்தால் தோல் தோலாக உரியும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, ஓரடிச் சதுர பாலிதீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கும் வழக்கம் சுண்ணாம்புக்குப் பொருந்தியது. சுண்ணாம்பு ஈரச் சுவரிலும் பிடிக்கும், சுவரை மூச்சுவிடவும் விடும். எமல்ஷன் அப்படி இல்லை. கார்த்திகை மழையில் ஊறிய சுவர் மார்கழிக் கடைசியில் காய்ந்திருக்காது. புதுப் பூச்சாக இருந்தால் குறைந்தது 28 நாள் ஆறட்டும்.

கடையில் செய்ய வேண்டியது

கடைக்குப் போவது நிறத்தை முடிவு செய்ய அல்ல, இரண்டு சாம்பிள் வாங்கி வர. இதை மனதில் வைத்துக்கொண்டால் "எதை எடுக்கிறீங்க" என்ற அவசரம் உங்களைப் பிடிக்காது.

அட்டையில் ஒரே வரிசையில் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் எடுக்கப்போவது மேலே இருக்கும் வெளிர் நிறமாக இருந்தாலும், பார்வை முதலில் கீழே இருக்கும் அடர் நிறத்துக்குப் போகட்டும். வெளிர் நிறத்தின் உள்ளே என்ன நிறம் ஓடுகிறது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். நாங்கள் எடுத்த சந்தனத்தின் அடியில் இருந்தது ஆரஞ்சு கலந்த மண் நிறம். வேறொரு வரிசையில் பார்ப்பதற்கு அதே போன்ற சந்தனம், அடியில் எலுமிச்சை மஞ்சளில் முடிந்தது. அட்டையில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அறைக்குள் போனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். பச்சையிலும் அப்படித்தான். மஞ்சள் ஓடும் பச்சை, நீலம் ஓடும் பச்சை என்று இரண்டு உண்டு. சாரலில் எங்களை ஏமாற்றியது நீலம் ஓடும் பச்சை.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளைக்குள்ளும் நிறம் ஓடும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கரைத்து அடிப்பார்களே, அது சுண்ணாம்பின் மங்கிய மஞ்சளை மறைத்து வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டுவதற்குத்தான்.

சாம்பிள் வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். பெயரைக் குறிக்காமல் ஷேட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிறத்தையும் ஒரே நிறுவனத்தின் ஒரே ரக எமல்ஷனில், ஒரே பளபளப்பில் வாங்குங்கள். ஒன்று மேட் (பளபளப்பு இல்லாதது), மற்றொன்று ஷீன் (லேசாகப் பளபளப்பது) என்று இருந்தால் நிறத்தை ஒப்பிடுகிறோமா பளபளப்பை ஒப்பிடுகிறோமா என்றே தெரியாமல் போகும். ஒரு நிறுவனத்தின் எண்ணைச் சொல்லி வேறு நிறுவனத்தின் மிஷினில் கலந்து தரச் சொல்லாதீர்கள். கிட்டத்தட்ட வரும், அதுவே வராது. மிஷினில் கலந்த டப்பாவைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டார்.

200 மில்லி சாம்பிள் தரும் கடைகள் உண்டு. அது கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் 1 லிட்டர் வாங்குங்கள். எந்த நிறம் ஜெயிக்கிறதோ அந்த டப்பா சுவருக்கே பயன்படும். மற்றது அலமாரியின் உள்பக்கத்துக்கோ கழிப்பறைச் சுவருக்கோ ஆகும்.

பலகை தயார் செய்வது

சுவரிலேயே இரண்டு பட்டையாக அடித்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது. நான் அதைச் செய்ய வேண்டாம் என்பேன். பழைய நிறத்தின் நடுவில் புது நிறத்தைப் பார்த்தால் கண் பழைய நிறத்தோடு ஒப்பிடுமே தவிர, இரண்டு புது நிறங்களையும் தங்களுக்குள் ஒப்பிடாது. எங்கள் வெளிர் பச்சைச் சுவரில் அடித்திருந்தால் சந்தனம் உண்மையில் இருப்பதைவிடச் சிவந்து தெரிந்திருக்கும். சுவரில் அடித்ததை இடம் மாற்றவும் முடியாது.

தச்சுப் பட்டறையில் இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் துண்டுகள் மிச்சம் கிடக்கும். நிறத்துக்கு இரண்டு என்று நான்கு துண்டுகள் வாங்கி வாருங்கள். அது கிடைக்காத ஊரில் கெட்டியான அட்டை போதும். வெறும் சார்ட் பேப்பர் மட்டும் வேண்டாம், நனைந்ததும் சுருண்டுகொள்ளும். முதலில் வெள்ளை பிரைமர் ஒரு கோட். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உள்ளே நிறத்தை அடியுங்கள். சுவருக்கு ரோலர் என்றால் இதற்கும் ரோலர். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம், பொதுவாக நான்கு மணி நேரம், விட்டு இரண்டாவது கோட். மறுநாள் டேப்பைப் பிரித்தால் நிறத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு நிற்கும். அந்த வெள்ளைதான் உங்களுக்குத் தராசின் முள். பலகையின் பின்னால் ஷேட் எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

ஈரத்தில் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது பால் கலந்தது போல வெளுத்துத் தெரியும். காய்ந்தால் அடர்த்தி கூடும். முதல் கோட் முடிந்ததும் என் மகள், "அப்பா, இது வெறும் வெள்ளையா இருக்கே" என்றாள். மறுநாள் காலையில் அதே பலகையில் முருங்கை இலையைக் காயவைத்த மாதிரி நிறம். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே ஒப்பிடத் தொடங்குங்கள்.

எங்கே வைத்து, எந்த நேரத்தில் பார்ப்பது

ஒரே அறையின் நான்கு சுவர்களிலும் ஒரே வெளிச்சம் விழாது. ஜன்னல் இருக்கும் சுவர்தான் பகலில் அறையிலேயே இருண்ட சுவர். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்தான் அதிகம் வெளிச்சம் வாங்குவது. பலகைகளை முதலில் எதிர்ச்சுவரில், பிறகு ஜன்னல் சுவரில், பிறகு பக்கவாட்டில் என்று மாற்றுங்கள். எங்கே வைத்தாலும் இரண்டு நிறங்களையும் ஒரே சுவரில், ஒரே உயரத்தில், நடுவே ஒரு கை இடைவெளி விட்டு வையுங்கள். ஒன்றைச் சந்தில், ஒன்றை வெளிச்சத்தில் வைத்துவிட்டு எது நல்லது என்று கேட்பது நியாயமில்லை. நேராக நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். மேசையில் கிடத்திய பலகையில் மேலிருந்து வெளிச்சம் விழும். சுவரில் அப்படி விழாது.

நிறத்துக்கு இரண்டு பலகை கேட்டதற்குக் காரணம் மூலை. ஒரே நிறப் பலகைகள் இரண்டையும் அறையின் மூலையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். மடியும் இடத்தில் நிறம் திடீரென்று அழுத்தமாகும். ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் அந்த நிறத்தை ஏந்திக்கொண்டு அடுத்த சுவரில் விழுவதால் வருவது இது. அறை முழுக்க அடித்தால் நான்கு சுவர்களும் இப்படி ஒன்றுக்கொன்று நிறம் கொடுத்துக்கொள்ளும். அட்டையில் மெல்லிசாகத் தெரிந்த நிறம் அறையில் கனத்துப்போவது இதனால்தான். மூலையில் தெரியும் அழுத்தம் உங்களுக்குக் கொஞ்சம் அதிகம் என்று தோன்றினால், அதே வரிசையில் ஒரு படி வெளிறிய எண்ணை எடுங்கள்.

நேரம்: வெயில் ஏறுமுன், காலை ஒன்பது, உச்சி, மாலை நான்கு, மலை மறைத்த பிறகு, விளக்கு போட்ட பிறகு. ஆறு வேளைகள், மூன்று நாட்கள். ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிஷம் போதும். நின்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழகிவிடும், எந்த நிறமும் சாதாரணமாகத் தோன்ற ஆரம்பிக்கும். முற்றத்தில் ஒரு நடை நடந்துவிட்டு உள்ளே வந்து, முதலில் மனதில் பட்டதைச் சமையலறைக் காலண்டரிலோ ஒரு நோட்டிலோ எழுதிவிட்டுப் போய்விடுங்கள்.

எங்கள் நோட்டில் இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு எதிரே அத்தை சொன்னதை மகள் அப்படியே எழுதியிருக்கிறாள்: "சந்தனம் மாம்பழத் தோல் மாதிரி இருக்கு." மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் காவித் தரையில் நீளமாக விழுந்து, அங்கிருந்து சிவப்பை எடுத்துக்கொண்டு சுவரின் கீழ்ப்பாதியில் ஏறியிருந்தது. பலகையைத் தரையோரம் இறக்கினால் மாம்பழம். தலை உயரத்துக்குத் தூக்கினால் மறுபடியும் சந்தனம். நான் அதுவரை தரையைப் பற்றி யோசித்ததே இல்லை. காலையில் வாழைத்தோட்டம் பார்த்த ஜன்னலோரம் வைத்தபோது சாம்பல் பச்சைக்கு வெளியிலிருந்து கூடுதலாகக் கொஞ்சம் பச்சை வந்து சேர்ந்தது. வயல், தோப்பு, பக்கத்து வீட்டு மஞ்சள் சுவர், தகரக் கூரை, எது ஜன்னலுக்கு வெளியே இருந்தாலும் அது தன் நிறத்தை உள்ளே அனுப்பும். பலகையை இடம் மாற்றிப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

பல்பை முதலில் முடிவு செய்யுங்கள்

படுக்கையறையை நாம் அதிகமும் பார்ப்பது இரவில். அப்படியென்றால் சுவர் நிறத்தை முடிவு செய்வது பாதி பல்புதான். எல்.இ.டி. பல்பின் பெட்டியில் 3000, 4000, 6500 என்று ஓர் எண்ணோடு கே (K) என்று போட்டிருப்பார்கள்; வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் அது. 3000 என்பது பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள். 6500 என்பது நம் வீடுகளில் வழக்கமாக எரியும் நீலம் ஓடிய வெள்ளை. 4000 இரண்டுக்கும் நடு. 6500-இல் சந்தனம் களையிழந்து வெளிறும். 3000-இல் சாம்பல் பச்சை பழுப்பேறி, காய்ந்த கருவேப்பிலை நிறத்துக்குப் போகும். இரண்டு நிறங்கள் பகலில் ஒன்றுபோலத் தெரிந்து, விளக்கில் பிரிந்து நிற்பதும் நடக்கும். நிறமிகள் வேறாக இருந்தால் அப்படித்தான். திரைச்சீலையும் சுவரும் பொருந்துகிறதா என்று பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

அதனால் பழைய டியூப்லைட்டை மாற்றும் எண்ணம் இருந்தால் இப்போதே மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். எங்கள் அறையில் 6500-ஐ எடுத்துவிட்டு 4000 போட்டோம். அன்று இரவே இரண்டு பலகைகளும் நல்லபடியாக முகம் தெளிந்தன. பல்பில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருந்தால், 90-க்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். நிறங்களை உள்ளபடி காட்டும்.

கண்ணுக்கு உதவி

பாரிஸில் கோப்லான் என்ற அரசு நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷேல் செவ்ரேல் என்ற வேதியியல் அறிஞர். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை; பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. பக்கத்து நிறம் பக்கத்து நிறத்தை மாற்றும் என்பதை அவர் 1839-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். அத்தை கரையையும் உடலையும் சேர்த்து வெயிலில் பார்ப்பதும் இதே அறிவுதான். சிவப்புத் தரைக்குப் பக்கத்தில் பச்சை இன்னும் பச்சையாகும். கறுத்த மரக்கதவுக்குப் பக்கத்தில் எந்த வெளிர் நிறமும் இன்னும் வெளிறும். ஆகவே பலகையைக் கதவு நிலைக்குப் பக்கத்தில், பீரோவுக்குப் பக்கத்தில், கட்டில் விரிப்புக்குப் பின்னால் என்று அந்த அறையில் நிரந்தரமாக இருக்கப்போகிற பொருள்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

சுற்றியுள்ளதை மறைத்துவிட்டு வெறும் நிறத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்றால், வெள்ளை அட்டையில் ஓரங்குல ஓட்டை போட்டு அதன் வழியாக ஒவ்வொரு பலகையையும் பாருங்கள். உள்ளே ஓடும் நிறம் சட்டென்று தெரியும்.

போன் படத்தை நம்பி நிறத்தை முடிவு செய்யாதீர்கள். போன் தானாகவே வெளிச்சத்தைச் சரிக்கட்டி, மஞ்சளை வெள்ளையாக்கி, பச்சையைக் கூட்டிக் காட்டும். ஒன்றுக்கு மட்டும் அது உதவும்: இரண்டு பலகைகளையும் ஒரே படத்தில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எது அதிக வெளுப்பு, எது அதிக அடர்த்தி என்று அதில் தெளிவாகத் தெரியும். நம் சாம்பல் பச்சை, சந்தனத்தைவிட நன்றாகவே அடர்ந்திருந்தது. இருண்ட அறையில் இந்த ஒரு வித்தியாசம் பெரிது. சில நிறுவனங்கள் ஒவ்வொரு ஷேடுக்கும் வெளிச்சத்தைத் திருப்பும் அளவை எல்.ஆர்.வி. என்ற எண்ணாகத் தருகின்றன. 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. சின்ன ஜன்னல் வைத்த ஓட்டு வீட்டு அறைக்கு 60-க்கு மேல் இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

அந்த அறையில் யார் இருக்கப்போகிறாரோ அவர் கண்தான் கணக்கு. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸில் மஞ்சள் படியும்; நீலமும் பச்சையும் இளையவர்களுக்குத் தெரிவது போல வயதானவர்களுக்குத் தெரியாது. மலை மறைத்த பிறகு நானும் மகளும் சாம்பல் பச்சையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை, "இதுல பச்சை எங்கய்யா இருக்கு? சிமெண்ட் மாதிரிலா கெடக்கு" என்றார். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவருக்கு அது சிமெண்டாகத்தான் தெரிந்தது.

நேரத்தை எடைபோட்டு முடிவு செய்வது

மூன்று நாள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த நிறத்துக்கு எத்தனை ஓட்டு என்று எண்ணாதீர்கள். எந்த வேளையில் அந்த அறையில் ஆள் இருக்கிறார் என்று கேளுங்கள். அத்தை காலையில் ஆறு மணிக்கு எழுந்து வெளியே வந்தால், மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுப்பார். பிறகு இரவு எட்டு மணிக்குத்தான் அறைக்குள் போவார். சந்தனம் மாம்பழமாக மாறும் மாலை நான்கு மணிக்கு அவர் திண்ணையில் இருப்பார். சாரல் மாதங்களில் அந்த வெயிலே கிடையாது. சாம்பல் பச்சை அழகாக இருந்த காலை ஒன்பது மணிக்கு அறையில் யாருமே இல்லை. விளக்கு போட்ட பிறகும், விடியுமுன்னும், மூடிய வெளிச்சத்திலும் சந்தனம்தான் அறையை இதமாக வைத்திருந்தது. இப்படிப் பார்த்தபோது முடிவு தானாக வந்தது: மேற்கு அறைக்குச் சந்தனம், ஆனால் மூலையில் தெரிந்த அழுத்தத்தை வைத்து ஒரு படி வெளிறிய எண். சாம்பல் பச்சை தோற்றுப்போகவில்லை. கிழக்குப் பார்த்த முன்னறையில், மகள் படிக்கும் மேசைக்கு மேலே பலகையை நிறுத்திப் பார்த்தோம். காலை வெயிலில் அதற்கு உயிர் வந்தது. அங்கே அதை அடித்தோம்.

இரண்டுக்கும் நடுவில் முடிவே வராமல் இழுபறியாக இருந்தால், மங்கிய வெளிச்சத்தில் நன்றாக இருப்பதை எடுங்கள். நல்ல வெளிச்சம் எந்த நிறத்தையும் காப்பாற்றும்.

வாங்கும் அளவு, பெயிண்டரிடம் சொல்ல வேண்டியது

பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி. மூன்றுக்கு ஏழு கதவு ஒன்று, நாலுக்கு நாலு ஜன்னல் இரண்டு கழித்தால் 387. பட்டி பார்த்து வழவழப்பான சுவரில் நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 முதல் 70 சதுர அடி வரும். ஆக, 6 லிட்டர். நான்கு லிட்டர் டப்பா ஒன்று, ஒரு லிட்டர் இரண்டு. மூன்றையும் ஒரே நாளில் கலந்து வாங்கி, அடிக்கத் தொடங்குமுன் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள். டப்பாவுக்கு டப்பா இருக்கும் மெல்லிய வித்தியாசம் சுவரின் நடுவில் கோடாகத் தெரிவதை அது தடுக்கும்.

பெயிண்டர் அண்ணாச்சியிடம் பலகையையே கொடுத்துவிடுங்கள். முதல் சுவர் காய்ந்ததும் அதைச் சுவரோடு ஒட்டி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண் மாறி வந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மேடு பள்ளம் உள்ள பழைய சுவருக்கு மேட் ரகம்தான் நல்லது, பளபளப்பு ஏற ஏற ஒவ்வொரு குழியும் பக்க வெளிச்சத்தில் தெரியும் என்று அவரும் சொல்வார்.

மிச்சம் இருக்கும் பெயிண்டை மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஷேட் எண், எமல்ஷன் ரகம், அடித்த தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அந்த அறைக் கதவின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். எங்கள் மேற்கு அறைக் கதவில் அது மகளின் கையெழுத்தில் இருக்கிறது. ஆணி அடித்து விழுந்த காரையைப் போன மாதம் பூசியபோது, அதைப் பார்த்துத்தான் டப்பாவைத் திறந்தோம்.